மாணவர் விளையாட்டு ஒலிபரப்பில் தலைமையும் வழிகாட்டலும்

மாணவர் விளையாட்டு ஒலிபரப்பு என்பது கல்லூரி அல்லது பல்கலைக்கழக மாணவர்கள் தம் நிறுவன அணிகளின் போட்டிகளை வானொலி, தொலைக்காட்சி, இணையம் ஆகியவற்றின் வழியாகத் தாமே வர்ணித்து, தாமே தயாரித்து வழங்கும் பணியாகும். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இதற்கு ஏறத்தாழ நூறாண்டு வரலாறு உண்டு. அந்நாட்டின் முன்னணி விளையாட்டு வர்ணனையாளர்களுள் பலர் தம் குரலை முதன்முதலாகப் பழக்கியது கல்லூரி வளாகத்து நிலையங்களில்தான்.

இப்பணியில் சேரும் மாணவர் முதலில் நேர்முக வர்ணனையைக் கற்கிறார். ஓரிரு ஆண்டுகளில் அவரே அடுத்து வருபவருக்குக் கற்பிக்கும் இடத்துக்கு வந்துவிடுகிறார். நன்றாகப் பேசத் தெரிந்த ஒருவர் நல்ல தலைவராகவும் நல்ல வழிகாட்டியாகவும் ஆவது தானாக நிகழ்வதில்லை. அதற்கென்று தனித் திறன்கள் தேவைப்படுகின்றன. அத்திறன்கள் எவை, அவை எவ்வாறு வளர்கின்றன என்பதை அமெரிக்கக் கல்லூரி ஒலிபரப்பின் வரலாற்றையும் நடைமுறையையும் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

வரலாற்றுப் பின்னணி

கல்லூரி விளையாட்டு ஒலிபரப்பின் தொடக்கக் கால நிகழ்வுகளுள் ஒன்று 1921 நவம்பர் 24 அன்று டெக்சஸ் மாநிலத்தில் நடந்தது. டெக்சஸ் ஏ அண்ட் எம் கல்லூரிக்கும் டெக்சஸ் பல்கலைக்கழகத்துக்கும் இடையிலான அமெரிக்கக் காற்பந்துப் போட்டியை, அக்கல்லூரியின் வானொலி ஆர்வலர்களான மாணவர்கள் மோர்ஸ் தந்திக் குறியீட்டில் உடனுக்குடன் அனுப்பினர். ஒவ்வோர் ஆட்ட அசைவையும் முழுச் சொற்களில் அனுப்ப நேரம் போதாது. எனவே பந்து யாரிடம் உள்ளது, எந்தக் கெசக்கோட்டில் உள்ளது, என்ன நடந்தது என்பவற்றுக்குச் சுருக்கக் குறியீடுகளை வகுத்து, அவற்றைக் கேட்கும் நிலையங்களுக்கு முன்கூட்டியே தெரிவித்தனர். அந்தப் போட்டியில் இரு அணிகளும் புள்ளி ஏதும் பெறவில்லை. ஆயினும் குழு முழுவதற்கும் பொதுவான ஒரு மொழியை முதலில் வகுத்துக்கொண்டு, பிறகு ஒலிபரப்பில் இறங்கும் முறைக்கு அது ஒரு முன்னோடியாக அமைந்தது.

1930இல் புளோரிடா பல்கலைக்கழகத்தின் டபிள்யூஆர்யூஎஃப் நிலையத்தில் ரெட் பார்பர் என்ற மாணவர், வரமுடியாமற்போன ஒரு பேராசிரியருக்குப் பதிலாக, கால்நடை மகப்பேறு பற்றிய ஆய்வுக் கட்டுரை ஒன்றை வாசித்தார். அந்த ஒரு வாசிப்பு அவரை வானொலிக்குள் இழுத்துக்கொண்டது. 1934இல் சின்சினாட்டி ரெட்ஸ் அணிக்கும், 1939 முதல் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்கும் அவர் பேஸ்பால் வர்ணனையாளரானார்.

1936இல் பிரவுன் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஆபிரகாம், டேவிட் போர்ஸ்ட் என்ற இரு மாணவர்கள் விடுதி அறைகளைக் கம்பியால் இணைத்து ஒரு வளாக வானொலியைத் தொடங்கினர். 1940இல் கல்லூரி நிலையங்களுக்கான கூட்டமைப்பு ஒன்றும் உருவானது. 1945இல் பண்பலை வரிசையின் 88 முதல் 92 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதி, வணிக நோக்கமற்ற கல்வி நிலையங்களுக்கென ஒதுக்கப்பட்டது. இதையடுத்து 1947இல் நியூயார்க்கின் ஃபோர்டாம் பல்கலைக்கழகத்தில் டபிள்யூஎஃப்யூவி நிலையமும், சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் பின்னர் டபிள்யூஏஈஆர் எனப் பெயர்பெற்ற நிலையமும் தொடங்கப்பட்டன. விளையாட்டு வர்ணனையாளர்களை உருவாக்குவதில் இவ்விரண்டும் நாடறிந்த பயிற்சிக் களங்களாயின. வின் ஸ்கல்லி, மைக் பிரீன், மைக்கேல் கே ஆகியோர் ஃபோர்டாமிலிருந்தும், பாப் காஸ்டஸ், மைக் டிரீகோ, ஷான் மெக்டனா, இயன் ஈகிள் ஆகியோர் சிராக்யூஸிலிருந்தும் வந்தவர்கள்.

ஒலிபரப்புக் குழுவின் அமைப்பு

கேட்பவர் காதில் விழுவது ஒன்றிரண்டு குரல்கள் மட்டுமே. அக்குரல்களுக்குப் பின்னால் ஒரு குழு இயங்குகிறது. கல்லூரி வானொலியில் பொதுவாகக் காணப்படும் பொறுப்புகள் வருமாறு:

முதன்மை வர்ணனையாளர்: ஆட்டத்தில் நடப்பதை நொடிக்கு நொடி சொல்பவர்.

ஆய்வுரையாளர்: நடந்தது ஏன் நடந்தது என்று இடைவெளிகளில் விளக்குபவர்.

ஸ்பாட்டர்: எந்த வீரர் பந்தைப் பெற்றார், யார் தடுத்தார் என்பதை வர்ணனையாளருக்குச் சைகையால் காட்டும் உதவியாளர். கல்லூரி அமெரிக்கக் காற்பந்தில் ஒரே அணியின் இருவர் ஒரே எண்ணைச் சட்டையில் அணியலாம். இருவரும் ஒரே நேரத்தில் களத்தில் நிற்கக் கூடாது என்பதே விதி. இதனால் எண்ணை மட்டும் பார்த்துப் பெயர் சொன்னால் தவறிவிடும் வாய்ப்பு உண்டு. ஸ்பாட்டரின் கண் அங்கேதான் உதவுகிறது.

புள்ளிவிவர உதவியாளர்: ஒவ்வொரு வீரரின் புள்ளிகளையும் தவறுகளையும் குறித்துத் தருபவர்.

பொறியாளர்: மைதானத்தில் மைக், மிக்சர், இணைப்பு ஆகியவற்றைக் கவனிப்பவர்.

தயாரிப்பாளர்: நிலையத்தில் அமர்ந்து நேரத்தையும் இடைவெளி அறிவிப்புகளையும் ஒழுங்குபடுத்துபவர்.

விளையாட்டுப் பிரிவு இயக்குநர்: யார் எந்தப் போட்டிக்குச் செல்வது என்று தீர்மானித்து, குழு முழுவதற்கும் பொறுப்பேற்கும் மாணவர். பெரும்பாலும் இவர் மூன்றாம் அல்லது நான்காம் ஆண்டில் படிப்பவர்.

நல்ல குழுக்களில் புதியவர் இப்பொறுப்புகள் அனைத்தையும் ஒரு சுற்றுச் சுற்றி வருகிறார். மிக்சரில் அமர்ந்து பழகியவருக்கு, வர்ணனையாளர் மைக்கை விட்டு விலகிப் பேசினால் ஒலி எப்படித் தேய்கிறது என்பது தெரியும். ஸ்பாட்டராக இருந்தவர், பின்னாளில் தமக்கு உதவும் ஸ்பாட்டரின் சைகையைக் கவனிக்கத் தவறமாட்டார். இந்த அனுபவம் பின்னர் தலைவராகும்போது பெரிதும் கைகொடுக்கிறது. ஒவ்வோர் இருக்கையிலும் அமர்ந்து பார்த்தவர் சொல்லும் அறிவுரையை மற்றவர்கள் எளிதில் ஏற்கின்றனர்.

நான்காண்டுச் சுழற்சி

மாணவர் நிலையத்தைத் தொழில்முறை நிலையத்திலிருந்து வேறுபடுத்தும் முதன்மைக் கூறு, அதன் ஆட்கள் தங்குவதில்லை என்பதாகும். தொழில்முறை வர்ணனையாளர் ஒருவர் ஒரே அணியுடன் பல பத்தாண்டுகள் இருக்கலாம். வின் ஸ்கல்லி 1950 முதல் 2016 வரை 67 பருவங்கள் டாட்ஜர்ஸ் அணிக்காக வர்ணித்தார். கல்லூரியில் மிகச் சிறந்த குரலும் நான்காண்டில் பட்டம் பெற்று வெளியேறிவிடும். ஒவ்வொரு கோடையிலும் குழுவின் மிகுந்த அனுபவமுள்ள பகுதி கழன்று போகிறது.

இதன் விளைவைக் கண்கூடாகக் காணலாம். திறமைசாலிகளான மூன்று இறுதியாண்டு மாணவர்களே எல்லாப் பெரிய போட்டிகளையும் வைத்துக்கொள்ளும் நிலையம் அவ்வாண்டில் சிறப்பாக ஒலிக்கும். அடுத்த ஆண்டு அங்கே ஒரு கூடைப்பந்துப் போட்டியைக்கூடத் தனியே நடத்திப் பழகியவர் யாரும் இருக்கமாட்டார். கருவிகளை இணைக்கும் முறை, மைதான அலுவலரிடம் அனுமதி பெறும் வழி, எதிரணியின் பெயர் உச்சரிப்பை யாரிடம் கேட்பது என்ற விவரங்கள் எல்லாம் பழையவர்களோடு போய்விட்டிருக்கும். புதியவர்கள் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும்.

எனவே மாணவர் விளையாட்டு ஒலிபரப்பில் தலைவரின் முதற்பணி, தாம் இல்லாதபோதும் ஒலிபரப்பு நன்றாக நடக்கும்படி செய்வதாகும். வழிகாட்டல் என்பது நேரம் கிடைத்தால் செய்யும் உதவியாக இங்கே இருக்க முடியாது. நிலையம் தொடர்ந்து உயிரோடிருக்க அதுவே வழி.

வளர்ச்சிப் படிநிலைகள்

முதல் படி கவனித்தல். புதிய மாணவர் சில வாரங்கள் ஒலிபரப்பறையில் அமர்ந்து பார்க்கிறார். வெறுமனே பார்ப்பதைவிட, ஒரு குறிப்பிட்ட வேலையைக் கொடுத்துப் பார்க்கச் சொல்வது பயன் தரும். “இன்று வர்ணனையாளர் புள்ளி நிலையை எத்தனை முறை சொல்கிறார் என்று எண்ணு” என்பது அத்தகைய ஒரு வேலை.

இரண்டாவது படி ஒலிபரப்பாகாத பயிற்சி. மாணவர் பார்வையாளர் பகுதியின் ஒரு மூலையில் அமர்ந்து, ஒரு பதிவுக் கருவியில் அல்லது கைப்பேசியில் முழுப் போட்டியையும் வர்ணித்துப் பதிவுசெய்கிறார். யாரும் கேட்காத இந்தப் பதிவுகள்தான் பின்னர் பயிற்சியின் மூலப்பொருளாகின்றன.

மூன்றாவது படி சிறு பொறுப்பு. செய்தி அறிக்கையின் விளையாட்டுப் பகுதியை எழுதி வாசித்தல், இடைவேளையில் பிற போட்டிகளின் முடிவுகளைச் சொல்லுதல் போன்றவை இதில் அடங்கும். எழுதியதை மூத்த மாணவர் ஒருவர் பார்த்துத் திருத்திய பின்பே அது ஒலிபரப்பாகும் வழக்கம் பல நிலையங்களில் உண்டு.

நான்காவது படி முழுப் போட்டி. பெரும்பாலும் கூட்டம் குறைந்த விளையாட்டுகளில் இது தொடங்குகிறது. இங்கே தலைவர் ஒன்றில் கவனமாக இருக்க வேண்டும். பெண்கள் கூடைப்பந்து, சாஃப்ட்பால், கைப்பந்து போன்றவற்றை வெறும் பயிற்சிக்களம் என்று பேசத் தொடங்கினால், வர்ணனையாளரும் அரை மனத்தோடுதான் தயாராவார். கல்லூரி ஆண்கள் கூடைப்பந்து தலா 20 நிமிடம் கொண்ட இரு பாதிகளாகவும், பெண்கள் கூடைப்பந்து தலா 10 நிமிடம் கொண்ட நான்கு கால் பகுதிகளாகவும் ஆடப்படுகிறது. இவ்வேறுபாட்டைக்கூட அறியாமல் மைக்கின் முன் அமர்பவர் அந்த வீராங்கனைகளையும் கேட்பவரையும் ஒருசேர அவமதிக்கிறார்.

ஐந்தாவது படி கற்பித்தல். தான் கற்றதை மற்றொருவருக்கு விளக்க முயலும்போதுதான், தனக்கு எது உண்மையாகவே தெரியும், எது பழக்கத்தால் செய்கிறோம் என்பது மாணவருக்குப் புலப்படுகிறது. இதனால் இரண்டாம் ஆண்டிலேயே ஒவ்வொருவருக்கும் ஒரு முதலாண்டு மாணவரை ஒப்படைப்பது நல்லது.

பதிவைக் கேட்டுத் திருத்துதல்

விளையாட்டு ஒலிபரப்பில் வழிகாட்டலின் மையக் கருவி, பதிவைச் சேர்ந்து கேட்பதாகும். வழிகாட்டியும் மாணவரும் ஒரே அறையில் அமர்ந்து, போட்டியின் பத்து நிமிடப் பகுதியைக் கேட்கின்றனர். தேவையான இடத்தில் நிறுத்திப் பேசுகின்றனர்.

இங்கே சொல்லும் முறையே பலனைத் தீர்மானிக்கிறது. “இன்னும் உற்சாகமாகப் பேசு” என்ற அறிவுரையைக் கேட்ட மாணவர் அடுத்த போட்டியில் குரலை உயர்த்திக் கத்துவார். வேறு மாற்றம் இராது. “இந்தப் பத்து நிமிடத்தில் புள்ளி நிலையை இரண்டு முறைதான் சொன்னாய்” என்று எண்ணிக்கையோடு சொன்னால், அடுத்த முறை எதை மாற்ற வேண்டும் என்பது தெளிவாகிறது.

எடுத்துக்காட்டாக, கூடைப்பந்துப் போட்டியில் ஒரு புதிய வர்ணனையாளர் இவ்வாறு சொல்வதாகக் கொள்வோம்: “ஆகா, என்ன ஒரு வீச்சு! அற்புதம்! நம்ப முடியவில்லை!” வானொலியில் கேட்பவருக்கு இதிலிருந்து எதுவும் தெரியவில்லை. வீசியவர் யார், எங்கிருந்து வீசினார், பந்து வளையத்தில் விழுந்ததா, இப்போது புள்ளி நிலை என்ன என்ற நான்கு கேள்விகளும் அப்படியே நிற்கின்றன. “இடது மூலையில் 12ஆம் எண், மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே, வீசுகிறார், விழுந்தது, 54க்கு 51, நான்கு நிமிடம் மீதம்” என்றால் படம் முழுமையாகிறது. உற்சாகம் குரலில் தானே வந்து சேரும்.

புள்ளி நிலையை அடிக்கடி சொல்வது எளிய பழக்கமாகத் தோன்றினாலும், ஆட்டத்தின் வேகத்தில் தேர்ந்தவர்களும் அதை மறப்பதுண்டு. ரெட் பார்பர் இதற்காக மூன்று நிமிடத்தில் மணல் இறங்கிவிடும், முட்டை அவிக்கப் பயன்படும் சிறு மணற்கடிகையைத் தம் முன்னே வைத்திருந்தார். மணல் தீரும் ஒவ்வொரு முறையும் புள்ளி நிலையைச் சொல்லிவிட்டு அதைத் தலைகீழாகத் திருப்பி வைப்பார். நினைவை மட்டும் நம்பாமல் ஒரு கருவியின் துணையோடு நல்ல பழக்கத்தைக் காப்பது, இன்றும் மாணவர்களுக்குக் கற்றுத்தரப்படும் வழியாகும்.

ஒரு அமர்வில் இரண்டு குறைகளுக்கு மேல் சுட்டாமல் இருப்பது நடைமுறைக்கு ஏற்றது. பத்துக் குறைகளைப் பட்டியலிட்டால் மாணவர் அடுத்த போட்டியில் எல்லாவற்றையும் நினைத்துக்கொண்டே பேசித் தடுமாறுவார். அதேபோல் நன்றாக அமைந்த ஓர் இடத்தையும் நிறுத்திக் காட்ட வேண்டும். தாம் எதைச் சரியாகச் செய்தோம் என்று அறியாதவர் அதை மீண்டும் செய்வார் என்பதற்கு உறுதியில்லை.

பார்பரும் ஸ்கல்லியும்

வழிகாட்டல் ஒரு மரபாகத் தொடர்வதற்கு, பார்பர், ஸ்கல்லி இருவரின் உறவு சிறந்த சான்றாகும். ஃபோர்டாமில் படித்தபோது ஸ்கல்லி வளாக நிலையத்தில் விளையாட்டுகளை வர்ணித்தார். 1949இல் பட்டம் பெற்றபின், சுமார் 150 நிலையங்களுக்கு வேலை கேட்டுக் கடிதம் அனுப்பினார். வாஷிங்டனில் ஒரு நிலையம் கோடைக்கால வேலை தந்தது.

அதே ஆண்டு நவம்பரில், அப்போது சிபிஎஸ் வானொலியின் விளையாட்டுப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த பார்பர், ஒரு கல்லூரிக் காற்பந்துப் போட்டியை வர்ணிக்க ஸ்கல்லியைப் பாஸ்டன் நகரின் ஃபென்வே பார்க் மைதானத்துக்கு அனுப்பினார். தனக்கென ஒரு வர்ணனை அறை இருக்கும் என்று எண்ணி ஸ்கல்லி மேலங்கியை விடுதியிலேயே விட்டுவிட்டுச் சென்றார். அங்கே அவருக்குக் கிடைத்த இடம் மைதானத்தின் கூரை. குளிரில் நடுங்கிக்கொண்டு, நீண்ட கம்பியோடு கூடிய மைக்கைக் கையில் பிடித்தபடி, ஆட்டத்தைப் பின்தொடர்ந்து கூரைமேல் அங்குமிங்கும் நடந்து வர்ணித்தார். தம் சிரமத்தைப் பற்றி ஒலிபரப்பில் ஒரு சொல்லும் சொல்லவில்லை. நடந்ததைப் பிற்பாடு வேறு வழியாக அறிந்த பார்பர், அடுத்து ஹார்வர்டு, யேல் அணிகள் மோதும் போட்டியை அவருக்கே கொடுத்தார். 1950இல், நியூயார்க் ஜயண்ட்ஸ் அணிக்கு இடம்பெயர்ந்த எர்னி ஹார்வெலின் இடத்தில், ஸ்கல்லி டாட்ஜர்ஸ் ஒலிபரப்பில் சேர்ந்தார்.

பார்பர் கண்டிப்பானவர். போட்டிக்கு நெடுநேரம் முன்பே வந்து தயாராக வேண்டும், அணியின் ரசிகராக மாறி ஆரவாரம் செய்யக்கூடாது, பிற வர்ணனையாளர்களைக் கேட்டு அவர்களைப்போலப் பேசத் தொடங்கக்கூடாது என்பவை அவர் இளம் ஸ்கல்லிக்குக் கற்பித்தவற்றுள் சில. இவற்றுள் மூன்றாவது வழிகாட்டிகள் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது. தம்மைப்போன்றே இன்னொருவரை வார்த்தெடுப்பதை அவர் விரும்பவில்லை. ஒவ்வொருவரும் வர்ணனை அறைக்குள் கொண்டுவரும் தனித்தன்மையைக் காப்பதே அவர் அறிவுரையின் நோக்கமாக இருந்தது. இருவரின் நடையும் வேறுபட்டே இருந்தன. பேஸ்பால் ஒலிபரப்பின் உயரிய விருதான ஃபோர்டு ஃபிரிக் விருது பார்பருக்கு 1978இலும் ஸ்கல்லிக்கு 1982இலும் கிடைத்தது.

மார்ட்டி கிளிக்மனின் பணி

மற்றொரு மரபு மார்ட்டி கிளிக்மனிடமிருந்து தொடங்குகிறது. சிராக்யூஸ் பல்கலைக்கழக மாணவராகவும் ஓட்டவீரராகவும் இருந்த இவர், 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் தொடரோட்ட அணியில் இடம்பெற்றிருந்தார். போட்டி நாளன்று இவரும் சாம் ஸ்டோலரும் அணியிலிருந்து நீக்கப்பட்டனர். அந்த அமெரிக்கத் தடகள அணியில் யூதர்கள் இவ்விருவர் மட்டுமே. பின்னாளில் இவர் நியூயார்க்கின் புகழ்மிக்க வர்ணனையாளரானார்.

வானொலிக் கூடைப்பந்து வர்ணனைக்கு ஒரு நில அமைப்பைக் கொடுத்தவராகக் கிளிக்மன் கருதப்படுகிறார். களத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் நிலையான பெயரைப் பயன்படுத்தி, பந்து எங்கே இருக்கிறது என்பதைக் கேட்பவர் மனக்கண்ணால் காணச் செய்தார். இது கற்பிக்கக்கூடிய முறை என்பதே இதன் சிறப்பு. குரல்வளம் பிறப்பில் வருவது. களத்தைப் பெயர்சொல்லிப் பிரித்துக் காட்டுவதை எவரும் பழகிக்கொள்ளலாம்.

1963 ஜனவரியில் கிளிக்மன் ஐரோப்பாவிலிருந்து உரிய நேரத்தில் திரும்ப முடியாமற்போனபோது, நியூயார்க் நிக்ஸ் அணியின் போட்டியை வர்ணிக்கும் வாய்ப்பு அவருடைய உதவியாளராக இருந்த மார்வ் ஆல்பர்ட்டுக்குக் கிடைத்தது. அப்போது ஆல்பர்ட்டின் வயது 21. கிளிக்மனின் அருகிலிருந்து பல போட்டிகளைக் கவனித்திருந்ததே அன்று அவருக்குக் கைகொடுத்தது. எதிர்பாராத நாளில் இன்னொருவர் மைக்கின் முன் அமர நேரலாம் என்பதை நினைவில் கொண்டு இரண்டாம் நிலை ஆளையும் தயார்நிலையில் வைத்திருப்பது தலைவரின் கடமை என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

கிளிக்மன் பின்னர் என்பிசி நிறுவன வர்ணனையாளர்களின் பதிவுகளைக் கேட்டுத் திருத்தும் பயிற்சியாளராகவும் பணியாற்றினார். தம் வாழ்நாளின் பிற்பகுதியில் ஃபோர்டாமின் வளாக நிலைய மாணவர்களுக்கு வழிகாட்டினார். பெரிய தொலைக்காட்சி நிறுவனத்தில் செய்த அதே வேலையை, அதே பதிவு கேட்கும் முறையை, பதினெட்டு வயது மாணவர்களிடமும் அவர் செய்தார். 2001இல் அவர் மறைந்தார்.

வாய்ப்பைப் பங்கிடுதல்

விளையாட்டுப் பிரிவு இயக்குநரான மாணவர் சந்திக்கும் மிகக் கடினமான முடிவு, யாருக்கு எந்தப் போட்டி என்பதாகும். தம் பெயரையும் அப்பட்டியலில் அவரே எழுத வேண்டியிருக்கிறது. வேலை தேடும் இறுதியாண்டில் பெரிய போட்டியின் பதிவு ஒன்று கையில் இருந்தால் அது பெரும் உதவி. அவருக்கும் அது தேவை. அவருடன் படிக்கும் நண்பருக்கும் தேவை. அதே நேரத்தில் அடுத்த ஆண்டு நிலையத்தை நடத்தப்போகிற இரண்டாமாண்டு மாணவருக்கு அதுபோன்ற போட்டியின் அழுத்தம் ஒரு முறையேனும் பழக வேண்டும்.

இதைத் தீர்க்கச் சில வழிகள் உள்ளன. பருவம் தொடங்கும் முன்பே பங்கீட்டு விதிகளை எழுதி அனைவருக்கும் கொடுப்பது முதலாவது. பெரிய போட்டியில் முதற்பாதியை ஒருவரும் இரண்டாம் பாதியை மற்றொருவரும் வர்ணிப்பது இரண்டாவது. தலைவரே சில போட்டிகளில் ஸ்பாட்டராகவோ மிக்சரிலோ அமர்வது மூன்றாவது. மூன்றாவது வழி சொற்களால் கற்பிக்க முடியாத ஒன்றைக் கற்பிக்கிறது. குழுவின் தலைவர் கம்பி சுருட்டுவதைப் பார்க்கும் முதலாண்டு மாணவர், அங்கே எந்த வேலையும் தாழ்ந்ததில்லை என்று புரிந்துகொள்கிறார்.

வாய்ப்பு மறுக்கப்படுவதன் விளைவு நெடுங்காலம் நீடிக்கும். 1987 டிசம்பரில் கேல் சியரன்ஸ், அமெரிக்கத் தொழில்முறைக் காற்பந்துக் கழகமான என்எஃப்எல் போட்டியொன்றைத் தொலைக்காட்சியில் வர்ணித்த முதல் பெண்ணானார். அதன்பின் நாடளாவிய தொலைக்காட்சியில் என்எஃப்எல் பருவப் போட்டி ஒன்றை ஒரு பெண் முதன்மை வர்ணனையாளராக வழங்க 2017 செப்டம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாறு வழங்கிய பெத் மோவின்ஸ், சிராக்யூஸில் முதுகலை பயின்றவர். இடைப்பட்ட முப்பதாண்டு வெற்றிடத்தைத் திறமைக் குறைவு என்று விளக்க முடியாது. வளாக நிலையத்தில் மாணவியரை நேர்காணல் எடுக்க மட்டும் அனுப்பிவிட்டு முதன்மை மைக்கை மாணவர்களுக்கே கொடுக்கும் பழக்கம் இருந்தால், அத்தகைய வெற்றிடம் அங்கிருந்தே தொடங்குகிறது. பங்கீட்டுப் பட்டியலை எழுதும் இருபது வயது மாணவரின் கையில் இந்தப் பொறுப்பும் இருக்கிறது.

தலைவர் முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டியவை

சில சிக்கல்கள் ஒலிபரப்பின் நடுவே திடீரென எழும். அவற்றுக்கான நிலைப்பாட்டை முன்பே பேசி வைத்திருப்பது அவசியம்.

சார்பு: களத்தில் ஆடுபவர்கள் வர்ணனையாளரின் வகுப்புத் தோழர்கள். அணி தோற்கும்போது காரணம் சொல்லத் தயங்குவதும், நடுவரைக் குறைகூறுவதும் இயல்பாக வரும். எதிரணியின் நல்ல ஆட்டத்தையும் அதே தெளிவோடு சொல்ல மாணவர்களைப் பழக்க வேண்டும்.

கடுமை: தவறு செய்த வீரரும் ஒரு மாணவரே. அவர் பந்தைத் தவறவிட்டார் என்று சொல்வது செய்தி. அவருடைய மனவுறுதியைப் பற்றி ஊகிப்பது வர்ணனையாளரின் வேலையைச் சேர்ந்ததன்று.

காயம்: வீரர் ஒருவர் எழ முடியாமல் கிடக்கும்போது கண்ணால் கண்டதை மட்டும் சொல்ல வேண்டும். எலும்பு முறிந்திருக்கலாம், ஆபத்தாக இருக்கலாம் என்ற ஊகங்கள் வீட்டில் கேட்டுக்கொண்டிருக்கும் பெற்றோரின் காதில் விழும்.

பெயர் உச்சரிப்பு: எதிரணியின் ஊடக அலுவலரிடம் போட்டிக்கு முன்பே ஒவ்வொரு பெயரையும் கேட்டு எழுதிக்கொள்வது எழுதப்படாத விதி. தன் பிள்ளையின் பெயர் சரியாக ஒலிப்பதற்காகவே ஒரு குடும்பம் அந்த ஒலிபரப்பைக் கேட்டுக்கொண்டிருக்கக்கூடும்.

பிழை: வர்ணனையில் தவறு நேர்ந்தால் உடனே ஒரு வரியில் திருத்திவிட்டு ஆட்டத்துக்குத் திரும்ப வேண்டும். இளையவர் செய்த பிழைக்கு வெளியே பொறுப்பேற்பது தலைவர். அதைப் பற்றி அவரிடம் பேசுவது தனியறையில்.

படிப்பு: வெளியூர்ப் போட்டிகளும் தேர்வுகளும் ஒரே வாரத்தில் வரும். தேர்வு அட்டவணையைப் பார்க்காமல் பணிப்பட்டியல் போடும் தலைவர், நல்ல ஆட்களைப் பாதியில் இழப்பார்.

தொலைக்காட்சியும் இணையமும்

1979 செப்டம்பரில் ஈஎஸ்பிஎன் தொடங்கியபின் விளையாட்டு ஒளிபரப்புக்கான வேலைவாய்ப்புகள் பெருகின. 2007இல் பிக் டென் நெட்வொர்க், 2014இல் எஸ்ஈசி நெட்வொர்க், 2019இல் ஏசிசி நெட்வொர்க் எனக் கல்லூரி அணிக் கூட்டமைப்புகளுக்கென்றே தனி அலைவரிசைகள் தோன்றின. இவற்றாலும் இணைய ஒளிபரப்பாலும் பல பல்கலைக்கழகங்கள் வளாகத்திலேயே தயாரிப்பு அறைகளை அமைத்தன. மாணவர்கள் கேமரா, ரீப்ளே, வரைகலை, ஒலி ஆகிய பொறுப்புகளில் தொழில்முறையாளர்களின் மேற்பார்வையில் பணிபுரிகின்றனர்.

இம்மாற்றம் தலைமையின் பொருளையும் விரித்துள்ளது. முன்பு சிறந்த குரலே இயல்பாகத் தலைவராகக் கருதப்பட்டது. இன்று ஒளிபரப்பை இயக்குபவர், ரீப்ளே அறையில் அமர்ந்திருப்பவர் ஆகியோரும் தலைவர்களாக வளர்கின்றனர். தொலைக்காட்சி வர்ணனைக்கும் வானொலி வர்ணனைக்கும் உள்ள வேறுபாட்டையும் வழிகாட்டி கற்பிக்க வேண்டியுள்ளது. வானொலியில் வர்ணனையாளரே கண். தொலைக்காட்சியில் பார்ப்பவருக்குக் கண் உண்டு. அவர் காணும் படத்தை மீண்டும் சொல்வதில் பயனில்லை. பெரிய வெற்றித் தருணத்தில் வாயை மூடிக்கொண்டு, மைதானத்தின் ஆரவாரத்தைப் பேசவிடுவது தொலைக்காட்சிக்குரிய திறன்.

கைமாற்றுதல்

தலைமைக் காலத்தின் இறுதிப்பகுதி கைமாற்றுதலுக்கு உரியது. இறுதியாண்டின் இரண்டாம் பருவத்தில் அடுத்த இயக்குநரைத் தேர்ந்து, அவரே முடிவுகளை எடுக்கும்படி விட்டு, பழைய இயக்குநர் அருகிலிருந்து உதவுவது நல்ல முறை. கருவிகளை இணைக்கும் வரைபடம், ஒவ்வொரு மைதானத்துக்கும் உரிய குறிப்புகள், தொடர்பு விவரங்கள், சென்ற ஆண்டின் நல்ல பதிவுகள் ஆகியவற்றை ஒரே கோப்பில் விட்டுச் செல்ல வேண்டும். மணற்கடிகையைப்போல, மறதியிலிருந்து குழுவைக் காக்கும் கருவி இது.

பட்டம் பெற்றுச் சென்றவர்களும் தொடர்பை விடுவதில்லை. சிராக்யூஸ், ஃபோர்டாம் போன்ற இடங்களில் முன்னாள் மாணவர்கள் இளையவர்களின் பதிவுகளைக் கேட்டுக் கருத்துச் சொல்வதும், வேலை தேட உதவுவதும் வழக்கமாகிவிட்டது. இயன் ஈகிளின் மகன் நோவா ஈகிளும் சிராக்யூஸில் படித்து வர்ணனையாளரானவரே.

ஒரு மாணவர் தலைவராக எவ்வளவு வளர்ந்தார் என்பதை அவருடைய கடைசிப் பெரிய போட்டியின் பதிவை வைத்து மட்டும் அளக்க முடியாது. அடுத்த ஆண்டின் முதல் போட்டியைக் கேட்டால் அது தெரிந்துவிடும். அன்று புதிய குரல் ஒன்று புள்ளி நிலையைத் தவறாமல் சொல்லி, எதிரணியின் பெயர்களைச் சரியாக உச்சரித்து, பந்து இருக்கும் இடத்தைக் கேட்பவர் கண்முன் நிறுத்துமானால், முன்னவரின் பணி நன்றாக நிறைவேறியது எனலாம்.